லாராவெல் சைட்டில் டிசைன் கலைந்ததா, பட்டன் வேலை செய்யவில்லையா? வீட் பில்ட் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

கம்பத்தில் ஏலக்காய்க் கடை, குமுளியில் ஹோம்ஸ்டே, தேக்கடி ஜீப் புக்கிங் என்று எல்லையின் இருபுறமும் ஓடும் சின்ன சைட்களுக்கான குறிப்பு இது. அமைப்பு வழக்கமானதுதான்: லாராவெல் (பிஎச்பி-யில் சைட் கட்டும் சட்டகம்), பிளேடு பக்கங்கள் (அதன் எச்டிஎம்எல் வார்ப்புகள்), சிஎஸ்எஸ்ஸும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 'வீட்' (Vite) கருவி வழியாக. வீட் அவற்றைத் தொகுத்து, சர்வரில் வைக்க வேண்டிய ஃபைல்களாக்குவதுதான் 'பில்ட்'; அப்படி வரும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படம், எழுத்துரு ஃபைல்கள்தான் 'அசெட்'. ஓடுவது ஷேர்ட் ஹோஸ்டிங்கில், இல்லாவிட்டால் 1 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்). 2022-ல் வந்த லாராவெல் 9.19 முதல் புது ப்ராஜெக்ட்களில் வீட்தான் இயல்பாக வருகிறது. அதற்கு முந்தைய 'மிக்ஸ்' வைத்து ஓடும் பழைய சைட் என்றால் கீழே உள்ளவற்றில் பாதி பொருந்தாது.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை ஒன்றே. பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, 'டிஸேபிள் கேஷ்' என்பதை டிக் செய்து, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். முதலில் சிவப்பாக வரும் வரியில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஸ்டேட்டஸ் எண், ஃபைலின் முழு முகவரி, கன்டென்ட் டைப். இவற்றைப் பார்க்காமல் கேஷ் கிளியர் கமாண்டுகளை வரிசையாக அடிப்பதும், ஃபோல்டருக்கு 777 பெர்மிஷன் கொடுப்பதும் வேண்டாம். 777 கொடுத்து அசெட் பிரச்சினை தீர்வது அபூர்வம். சைட்டுக்குள் கண்டவரும் ஃபைல் எழுத வழி திறப்பது மட்டும் நிச்சயம்.

அறிகுறி 1: பக்கமே வரவில்லை, 500 பிழை

ஸ்டோரேஜ் ஃபோல்டரின் லாக்ஸ் பகுதியில் உள்ள லாராவெல்.லாக் ஃபைலின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். வீட் கோளாறு என்றால் இரண்டு செய்திகளில் ஒன்று இருக்கும்; இரண்டும் வேறு வேறு நோய்.

*'வீட் மேனிஃபெஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்றால்*

மேனிஃபெஸ்ட் என்பது பில்ட் செய்த ஃபைல்களின் பெயர்ப் பட்டியல்; அது இல்லை என்றால் பில்ட், சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. லாராவெல்லின் கிட்இக்னோர் ஃபைலில் 'பப்ளிக்/பில்ட்' இயல்பாகவே இருக்கிறது; அதனால் கிட் புல் செய்தால் கோட் மட்டும் வரும், பில்ட் வராது. உங்கள் கணினியில் 'என்பிஎம் சிஐ', பிறகு 'என்பிஎம் ரன் பில்ட்' ஓட்டி, பில்ட் ஃபோல்டரை முழுதாக ஏற்றுங்கள். ஏற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் அசெட்ஸ் ஃபோல்டர், கடைசியில் மேனிஃபெஸ்ட்.ஜேசன். மேனிஃபெஸ்ட் மாறிய நொடியிலிருந்து பக்கங்கள் புது ஃபைல் பெயர்களைக் கேட்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஃபைல்கள் பாதிதான் ஏறியிருந்தால், அப்போது சைட்டுக்கு வந்தவருக்கு டிசைன் இல்லாத பக்கம்தான் கிடைக்கும்.

பில்ட் இருந்தும் அதே செய்தி வந்தால், பிழையிலேயே எழுதியிருக்கும் பாதையைப் படியுங்கள். சிபேனல் ஹோஸ்டிங்கில் லாராவெல் தேடுவது ப்ராஜெக்ட்டின் பப்ளிக் ஃபோல்டரில்; நீங்கள் ஏற்றியது 'பப்ளிக்_எச்டிஎம்எல்' உள்ளே. டாக்குமென்ட் ரூட்டை ப்ராஜெக்ட்டின் பப்ளிக் ஃபோல்டருக்கு மாற்றுவதுதான் சரியான தீர்வு. மாற்ற வழியில்லை என்றால், லாராவெல் 10 முதல் 'யூஸ் பப்ளிக் பாத்' மூலம் புது இடத்தைச் சொல்லிவிடலாம்.

பாதையும் சரி, ஃபைல் மட்டும் இல்லை என்றால், பில்ட் ஃபோல்டருக்குள் '.வீட்' என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். வீட் 5 முதல் மேனிஃபெஸ்ட் இயல்பாக அங்கேதான் போகும். வீட்டை மட்டும் 5-க்கு ஏற்றி, லாராவெல் பிளகினைப் பழைய 0.x பதிப்பிலேயே விட்டதன் விளைவு இது. பிளகினை 1.0-க்கு ஏற்றினால் பழைய இடத்துக்கே திரும்பும். ஃபைலை நகலெடுத்து வெளியே வைக்கும் ஒட்டுவேலை அடுத்த பில்டில் மறுபடி அவிழும்.

*'அனேபிள் டு லோகேட் ஃபைல் இன் வீட் மேனிஃபெஸ்ட்' என்றால்*

மேனிஃபெஸ்ட் இருக்கிறது, கேட்ட ஃபைல் அதில் இல்லை. பிளேடில் எழுதிய பாதை, வீட் கான்ஃபிக் ஃபைலின் 'இன்புட்' பட்டியலில் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். சேர்த்த பிறகு மறுபடி பில்ட் ஓட்டவும் வேண்டும். படங்களுக்கு இந்தப் பிழை வந்தால், 'வீட்::அசெட்' என்று கேட்ட படத்தை ஆப்.ஜேஎஸ் ஃபைலில் 'இம்போர்ட்.மெட்டா.குளோப்' மூலம் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்க்காத படத்தை வீட் கண்டுகொள்ளாது.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* டாக்குமென்ட் ரூட்டை மாற்றும் வசதி பேனலில் இல்லை என்றால் ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடுங்கள். ஐந்து நிமிட வேலை அவர்களுக்கு.

அறிகுறி 2: உங்கள் லேப்டாப்பில் அழகாக வருகிறது, மற்ற எல்லாருக்கும் வெறும் எழுத்து

பக்கத்தின் சோர்ஸைத் திறந்து 5173 (வீட் டெவ் சர்வரின் வழக்கமான போர்ட் எண்) என்று தேடுங்கள். இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். சர்வரின் பப்ளிக் ஃபோல்டரில் 'ஹாட்' என்று நீட்சி இல்லாத ஒரு சின்ன ஃபைல் கிடக்கும், அதை அழியுங்கள்.

'என்பிஎம் ரன் டெவ்' ஓடும்போது அந்த ஃபைல் உருவாகிறது. கண்ட்ரோல்-சி கொடுத்து ஒழுங்காக நிறுத்தினால் தானே அழியும். கரன்ட் போய்க் கணினி அணைந்தாலோ, டெர்மினல் அடித்து மூடப்பட்டாலோ அங்கேயே தங்கிவிடும். கிட் வழியாக அது போகாது. ஃபைல்ஜில்லாவில் ஃபோல்டரோடு இழுத்துப் போட்டால் போய்விடும். அது இருக்கும் வரை லாராவெல் பில்ட்டைத் திரும்பியும் பார்க்காது, பார்ப்பவரின் சொந்தக் கணினியில் உள்ள டெவ் சர்வரைத் தேடச் சொல்லும். உங்கள் கணினியில் அந்த சர்வர் ஓடிக்கொண்டிருப்பதால் உங்களுக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரிகிறது. எஃப்டிபி மென்பொருளின் விலக்குப் பட்டியலில் 'ஹாட்' என்பதைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை முடிந்தது.

வேலை நடக்கும்போதே அதே வைஃபையில் உள்ள செல்போனில் பார்க்க வேண்டுமா? டெவ் கமாண்டோடு '-- --ஹோஸ்ட்' சேர்த்து, கான்ஃபிக்கில் எச்எம்ஆர் ஹோஸ்டாகக் கணினியின் ஐபி எண்ணைக் கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் விண்டோஸ் ஃபயர்வால்தான் தடுக்கிறது.

அறிகுறி 3: பக்கம் வருகிறது, கன்சோலில் 404 அல்லது 'மைம் டைப் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்'

மைம் டைப் என்ற சொல்லைப் பார்த்ததும் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கைத் திருத்த ஓடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் இல்லாதபோது என்ஜின்எக்ஸ் கோரிக்கையை இண்டெக்ஸ்.பிஎச்பி-க்குத் தள்ளுகிறது, லாராவெல் ஒரு 404 எச்டிஎம்எல் பக்கத்தைத் தருகிறது. பிரவுசர் புலம்புவது அதைப் பார்த்துத்தான். ஃபைல் இல்லை என்பதே உண்மையான கோளாறு.

ஏன் இல்லை என்பதை இந்த வரிசையில் பாருங்கள்:

முதலாவது, ஏற்றம் பாதியில் அறுந்திருக்கும். இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், 0 பைட் ஃபைல் இருக்கிறதா பாருங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்திலிருந்து ஏற்றுபவர்கள் ஜிப் ஆக்கி ஏற்றி, சர்வரிலேயே விரிப்பது நல்லது. ஜிப் பாதியில் நின்றால் விரியாது, உடனே தெரிந்துவிடும். முந்நூறு சின்ன ஃபைல்களில் நான்கு விடுபட்டால் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, எச்டிஎம்எல் பழையது. கிளவுட்ஃபிளேர் இயல்பாக எச்டிஎம்எல்லைக் கேஷ் செய்யாது. யாராவது 'கேஷ் எவ்ரிதிங்' விதி போட்டிருந்தால் செய்யும். அந்த விதியை எடுங்கள், கேஷைப் பர்ஜ் செய்யுங்கள். லாராவெல்லில் முழுப் பக்கக் கேஷ் பேக்கேஜ் போட்டிருந்தால் அதையும் காலி செய்யுங்கள்.

மூன்றாவது, சைட் டொமைனின் துணை ஃபோல்டரில் ஓடுகிறது, அல்லது அசெட்களுக்குத் தனி டொமைன். முதலில் ஏறும் ஃபைல்கள் சரியாக வந்து, பட்டனை அழுத்தியபின் ஏறும் துண்டுகள் மட்டும் 404 தந்தால் சந்தேகமே வேண்டாம். 'அசெட்_யுஆர்எல்' மதிப்பு சர்வரின் என்வ் ஃபைலில் (.env, சைட்டின் அமைப்பு மதிப்புகள் இருக்கும் ஃபைல்) மட்டும் இருந்தால் போதாது. பில்ட் ஓடும் கணினியிலும் அந்த நேரத்தில் இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எழுதப்படும் பாதை பில்ட் நேரத்தில் முடிவாகிறது, பிறகு மாறாது.

அறிகுறி 4: புது பதிப்பு ஏற்றியபின் சிலருக்கு மட்டும் பட்டன் வேலை செய்யவில்லை

கன்சோலில் 'ஃபெயில்ட் டு ஃபெட்ச் டைனமிக்கலி இம்போர்ட்டட் மாட்யூல்' என்று இருக்கும். காலையில் புக்கிங் பக்கத்தைத் திறந்து வைத்தவர், நீங்கள் மதியம் புது பில்ட் ஏற்றியபின் 'பணம் செலுத்து' பட்டனை அழுத்துகிறார். அவர் பிரவுசர் கேட்கும் பழைய துண்டை நீங்கள் அழித்துவிட்டீர்கள். வீட் ஒவ்வொரு பில்டிலும் பழைய ஃபோல்டரைத் துடைத்துவிடும் என்பதால் இது யாருக்கும் நடக்கும்.

எளிய தீர்வு: சர்வரில் பழைய அசெட் ஃபைல்களை உடனே அழிக்காமல் ஒரு வாரம் விட்டு வையுங்கள். பெயரில் ஹாஷ் (உள்ளடக்கத்துக்கேற்ப மாறும் எழுத்துக்கோவை) இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. சர்வரிலேயே பில்ட் ஓட்டுபவர்கள் கான்ஃபிக்கில் 'எம்ப்டி அவுட் டிர்' என்பதை ஃபால்ஸ் ஆக்கலாம். அப்போது மாதம் ஒருமுறை பழையதைக் கையால் துடைக்க வேண்டும்.

கூடுதல் காப்பு: 'வீட்:ப்ரீலோட் எரர்' என்ற நிகழ்வைப் பிடித்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். செஷன் ஸ்டோரேஜில் ஒரு அடையாளம் வைத்து, ஒருமுறைக்கு மேல் ரீலோட் ஆகாதபடி பாருங்கள். அடையாளம் வைக்காமல் விட்டால், உண்மையிலேயே ஃபைல் இல்லாத நாளில் வாடிக்கையாளரின் செல்போன் நிற்காமல் ரீலோட் ஆகிக்கொண்டே இருக்கும்.

ஆக்டேன் (லாராவெல்லை நினைவிலேயே தொடர்ந்து ஓட வைக்கும் பேக்கேஜ்) வைத்து ஓட்டுபவர்கள் ஒவ்வொரு டெப்ளாய்க்குப் பின்னும் 'ஆக்டேன்:ரீலோட்' கொடுக்க வேண்டும். பழைய வொர்க்கர் பழைய மேனிஃபெஸ்ட்டை நினைவிலேயே வைத்திருக்கும்.

அறிகுறி 5: எஸ்எஸ்எல் போட்டதும் டிசைன் போனது

கன்சோலில் 'மிக்ஸ்ட் கன்டென்ட்' என்று வரும். பக்கம் எச்டிடிபிஎஸ்; அசெட் முகவரி எச்டிடிபி. முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற ப்ராக்ஸி நிற்கும்போது, லாராவெல்லுக்கு வந்து சேரும் கோரிக்கை எச்டிடிபியாகத் தெரிகிறது. ப்ராக்ஸியை நம்பச் சொல்லுங்கள்: லாராவெல் 11 முதல் பூட்ஸ்ட்ராப்/ஆப்.பிஎச்பி ஃபைலில் 'டிரஸ்ட் ப்ராக்ஸிஸ்', அதற்கு முன் அதே பெயரில் உள்ள மிடில்வேர். 'ஆப்_யுஆர்எல்' மதிப்பிலும் எச்டிடிபிஎஸ் இருக்கட்டும், பிறகு கான்ஃபிக் கேஷைப் புதுப்பியுங்கள்.

சிஎஸ்எஸ் வருகிறது, படம் வருகிறது, எழுத்துருவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் மட்டும் தடைபடுகின்றன என்றால் அது கார்ஸ் (CORS, வேறு இடத்திலிருந்து வரும் ஃபைல்களுக்கான பிரவுசர் அனுமதி விதி). பெரும்பாலும் பக்கம் டபிள்யு-டபிள்யு-டபிள்யு இல்லாமல் திறந்திருக்கும், அசெட்_யுஆர்எல் அதோடு இருக்கும். பிரவுசருக்கு இரண்டும் வேறு வேறு இடங்கள். ஏதாவது ஒரு வடிவத்துக்கு நிரந்தர ரீடைரக்ட் போடுங்கள்.

அறிகுறி 6: மாற்றியது தெரியவில்லை

பில்ட் ஓட்டினீர்களா, ஏற்றினீர்களா, சர்வீஸ் வொர்க்கர் பழையதைப் பிடித்துவைத்திருக்கிறதா. இந்த மூன்றையும் இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒருமுறை பார்த்தால் தெளிவாகிவிடும். பிளேடு மாற்றம் மட்டும் தெரியாவிட்டால் 'வியூ:கிளியர்'.

என்வ் ஃபைலில் 'வீட்_' என்று தொடங்கும் மதிப்பை சர்வரில் மாற்றிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. அது பில்ட் நேரத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் அப்படியே எழுதப்படுகிறது. மறுபடி பில்ட் ஓட்டினால்தான் மாறும். அதே காரணத்தால் பேமெண்ட் கேட்வேயின் சீக்ரெட் கீயை அந்த முன்னொட்டோடு வைக்கவே கூடாது. வைத்திருந்தால் அது ஏற்கெனவே ஊருக்கே தெரிந்துவிட்டது என்று கொண்டு, இன்றே புதிய கீ வாங்கிப் பழையதை ரத்து செய்யுங்கள்.

டெயில்விண்ட் (கிளாஸ் பெயர்களால் டிசைன் செய்யும் சிஎஸ்எஸ் கருவி) கிளாஸ் சில மட்டும் வேலை செய்யாத கதை தனி. ஏலக்காய் 8 மி.மீ. தரத்துக்குப் பச்சை, 7 மி.மீ.க்கு மஞ்சள் என்று காட்ட, 'பிஜி-' என்பதோடு டேட்டாபேஸில் உள்ள நிறத்தின் பெயரையும் '-500' என்பதையும் ஒட்டி கிளாஸ் பெயர் செய்திருப்பார்கள். டெயில்விண்ட் கோடை ஓட்டிப் பார்ப்பதில்லை, எழுத்தாக மட்டும் படிக்கிறது. முழுப் பெயர் எங்கும் எழுதப்படாததால் அந்த நிறம் பில்டில் சேராது. தரத்துக்கு ஒரு முழு கிளாஸ் பெயர் என்று ஒரு அர்ரேயில் எழுதிவிடுங்கள். டெவ் நேரத்தில் வேறு பக்கத்தில் அதே கிளாஸ் இருந்து, பிறகு அந்தப் பக்கம் நீக்கப்பட்டாலும் நிறம் திடீரென மறையும். அது பேய் வேலை இல்லை.

அறிகுறி 7: பில்டே ஓடவில்லை

*சர்வரில் 'கில்ட்' என்று மட்டும் சொல்லி நிற்கிறது:* ரேம் போதவில்லை. வெளியேறும் எண் 137 என்று காட்டினாலும் அதே. செலவில்லாத தீர்வு, உங்கள் கணினியில் பில்ட் செய்து ஏற்றுவது. 1 ஜிபி சர்வரில் பில்ட் ஓட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. கட்டாயம் அங்கேதான் என்றால் 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் உருவாக்கி, பெர்மிஷன் 600 கொடுத்து இயக்குங்கள். மெதுவாக ஓடினாலும் முடியும். பெரிய விபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுவது கடைசி வழி.

*உங்கள் விண்டோஸில் ஓடுகிறது, லினக்ஸில் ஃபைல் இல்லை என்கிறது:* பெரிய, சின்ன எழுத்து வேறுபாடு. 'ஹெடர்' ஃபைலின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, இம்போர்ட் வரியில் சின்ன எழுத்து இருக்கும். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. எழுத்தை மட்டும் மாற்றினால் கிட்டும் கவனிக்காமல் விடலாம் என்பதால், 'கிட் எம்வி' மூலம் முதலில் வேறு பெயருக்கும் அங்கிருந்து சரியான பெயருக்கும் மாற்றுங்கள்.

*புரியாத நீண்ட பிழை:* முதலில் 'நோட் -வி' அடித்துப் பாருங்கள். வீட் 5-க்கு நோட் 18 அல்லது 20-க்கு மேல் வேண்டும். வீட் 7-க்கு 20.19 அல்லது 22.12-க்கு மேல். பதிப்பு சரியென்றால் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்து 'என்பிஎம் சிஐ' ஓட்டுங்கள். லாக் ஃபைலை அழிக்காதீர்கள். அதை அழித்தால் பத்துப் பதினைந்து பேக்கேஜ்கள் ஒரே நேரத்தில் பதிப்பு மாறி, இருந்த ஒரு பிழை நான்காகும்.

அறிகுறி 8: தமிழோ மலையாளமோ உடைந்து தெரிகிறது

இரு மொழியிலும் சைட் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வருவது இது. எழுத்து எப்படி உடைகிறது என்று உற்றுப் பாருங்கள். அதிலேயே காரணம் இருக்கிறது.

*எழுத்து சரி, வடிவம் மட்டும் வேறு:* எழுத்துரு ஃபைல் வரவில்லை, செல்போனின் சொந்த எழுத்துரு வருகிறது. சிஎஸ்எஸ்ஸில் பாதை சாய்கோட்டில் தொடங்கினால் வீட் அதைத் தொடாது; பில்ட் நேரத்தில் 'டிட்ன்ட் ரிசால்வ்' என்ற எச்சரிக்கை வந்திருக்கும். எழுத்துருவை ரிசோர்சஸ் ஃபோல்டருக்குள் வைத்து, சிஎஸ்எஸ் ஃபைலிலிருந்து சார்புப் பாதையாக எழுதுங்கள்.

*கு, கூ, டி போன்றவை மெய்யும் உயிர்க்குறியுமாகப் பிரிந்து நிற்கின்றன, மலையாளக் கூட்டெழுத்துகளில் சந்திரக்கலை வெளியே தெரிகிறது:* அளவைக் குறைக்க எழுத்துருவை வெட்டியவர், எழுத்துகளை இணைக்கும் விதிகளையும் சேர்த்து வெட்டிவிட்டார். ஆன்லைன் வெட்டுக் கருவிகள் சிலவற்றில் இது நடக்கும். 'பைஎஃப்டி சப்செட்' கருவியில் 'லேஅவுட் ஃபீச்சர்ஸ்' என்பதற்கு நட்சத்திரக் குறி கொடுத்து மறுபடி வெட்டுங்கள். ஆங்கில எழுத்துருவில் கிடைக்கும் அளவுக்கு இதில் மிச்சம் பிடிக்க முடியாது, கிடைத்தவரை போதும்.

*இடையில் புள்ளிவட்டம் தெரிகிறது:* 'யூனிகோட் ரேஞ்ச்' வரியில் எல்லை குறைவாக எழுதப்பட்டு, ஒரே எழுத்தின் பாதி ஒரு எழுத்துருவிலும் மீதி இன்னொன்றிலும் விழுகிறது. தமிழ்த் தொகுதி, மலையாளத் தொகுதி இரண்டோடும் கண்ணுக்குத் தெரியாத ஜாயினர், நான்-ஜாயினர் குறிகளைச் சேர்க்க வேண்டும். மலையாளத்துக்கு இது கட்டாயம். சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத மலையாள மெய் வடிவங்கள்) தனி எண்கள் 2008-ல் யூனிகோட் 5.1-ல்தான் வந்தன, அதற்கு முந்தைய முறையில் தட்டச்சு செய்த எழுத்து, மெய்யோடு ஜாயினரைச் சேர்த்தே சில்லு ஆகிறது. ரூபாய்க் குறியையும் மறக்காதீர்கள். விலைப் பட்டியலில் அது மட்டும் வேறு தடிமனில் தெரிந்தால் அந்த எல்லையில் அது விடுபட்டிருக்கிறது.

*எல்லாமே ஆங்கில எழுத்துக் குப்பை:* இது அசெட் கோளாறே இல்லை. நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடையிலிருந்து வந்த பாமினி எழுத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு என்றால், வெட்டுவதற்கு உரிமத்தில் இடம் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி 9: எல்லாம் சரி, ஆனால் மெதுவாகத் திறக்கிறது

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் வழியில் உட்கார்ந்து ரூம் தேடுபவர்தான் உங்கள் வாடிக்கையாளர். அலுவலக ஃபைபரில் வேகம் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நெட்வொர்க் பகுதியில் 'ஸ்லோ' வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

முதல் சோதனை சுருக்கம். பில்ட் முடிவில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஜிஜிப்' என்று ஒரு அளவு காட்டும். அது வெறும் மதிப்பீடு. சர்வர் உண்மையில் சுருக்கி அனுப்புகிறதா என்பதை ரெஸ்பான்ஸ் ஹெடரில் 'கன்டென்ட் என்கோடிங்' வரியில் பார்க்க வேண்டும். உபுண்டுவின் என்ஜின்எக்ஸில் 'ஜிஜிப் ஆன்' என்று இருக்கும், அதன்கீழ் உள்ள 'ஜிஜிப்_டைப்ஸ்' வரி கமெண்டாக இருக்கும். அந்த நிலையில் எச்டிஎம்எல் மட்டுமே சுருங்கும், சிஎஸ்எஸ்ஸும் ஜாவாஸ்கிரிப்ட்டும் முழு எடையில் போகும். வரியைத் திறந்து 'என்ஜின்எக்ஸ் -டி' மூலம் சோதித்து ரீலோட் செய்யுங்கள். வாஃப்2 எழுத்துருவை அதில் சேர்க்க வேண்டாம், அது ஏற்கெனவே சுருங்கியது.

அடுத்தது கேஷ். பில்ட்/அசெட்ஸ் பாதைக்கு மட்டும் 31536000 விநாடி, கூடவே 'இம்யூட்டபிள்'. எச்டிஎம்எல்லுக்கு அதைக் கொடுத்தால் அறிகுறி 3 உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

பிறகுதான் எடை குறைப்பு. 500 கேபி தாண்டிய துண்டுக்கு வீட்டே எச்சரிக்கும். அந்த வரம்பை ஏற்றி எச்சரிக்கையை மறைப்பது எளிது, பயனற்றது. விலை வரைபடம் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது என்றால், சார்ட் லைப்ரரியை அந்தப் பக்கத்தில் மட்டும் டைனமிக் இம்போர்ட்டாக அழையுங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* நெட்வொர்க் பட்டியலின் முதல் வரியில், அதாவது எச்டிஎம்எல் வரியில், 'வெயிட்டிங்' நேரமே இரண்டு விநாடியைத் தாண்டினால் அசெட்களில் கைவைத்துப் பயனில்லை. டேட்டாபேஸ் குவெரியோ சர்வரோதான் திணறுகிறது. லாக்கையும் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொண்டு பேக்எண்ட் தெரிந்தவரிடம் கொடுங்கள்.